ஓரிதழ்த் தாமரையை அடையாளம் காண: பூவை நம்புவதா, காயை நம்புவதா, போனை நம்புவதா?

வரப்போரத்தில் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு செடி. புல்லைப் போன்ற ஒல்லி இலைகளுக்கு நடுவே ரோஜா நிறமும் ஊதாவும் கலந்த ஒற்றை இதழ் தொங்குகிறது. காவிரிப் படுகையில் அதைப் பார்த்தவுடன் ‘ஓரிதழ்த் தாமரை’ என்கிறோம். பூ இருக்கும்போது அப்படிச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் பூ இல்லாத நாளில் வருகிறது. பூ வாடிய மதியத்திலும், பங்குனி வெயிலில் பாதி காய்ந்த நிலையிலும், கடைப் பொட்டலத்தில் நறுக்கிய சருகாகவும் அதே செடியை அடையாளம் காண வேண்டியிருக்கிறது. எந்த வேளையில் எந்த அடையாளத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒப்பிட்டுச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் இது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொள்வோம். ஓரிதழ்த் தாமரை தாமரைக்குச் சொந்தமே இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்ந்த சோலை ஓரங்களில் பூக்கிற வயலட்டுக்குத்தான் அது சொந்தம். 1753-ல் ஸ்வீடன் தாவர அறிஞர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரே வயோலா என்னியாஸ்பெர்மா. ‘ஒன்பது விதை வயலட்’ என்று பொருள். பிறகு அயோனிடியம் என்றார்கள், ஹைபாந்தஸ் என்றார்கள். 2015-ல் இந்த இனமும் இதன் நெருங்கிய உறவுகளும் ஆஃப்ரோஹைபாந்தஸ் என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டன. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் தேடுகிறவர் ‘அயோனிடியம்’ என்ற தலைப்பில் பார்க்க வேண்டும். பின்னால் வந்த நூல்களில் ஹைபாந்தஸ். இணையத்தில் இரண்டு புதுப் பெயர்களும் கலந்து கிடக்கும். பெயர் பல என்பதால் செடியும் பல என்று எண்ணிக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

டெல்டாவில் வயலட் குடும்பம் என்று தேடிப் போகிறவருக்கு வயலில் கிடைப்பது நடைமுறையில் இந்த ஒன்றுதான். அதனால் இங்கே ‘எந்த வயலட்’ என்ற கேள்வியே எழாது. கையில் இருப்பது வயலட் குடும்பமா, அல்லது அதைப் போலத் தோன்றும் வேறு குடும்பத்துச் செடியா என்பதே கேள்வி.

பூவை வைத்துச் சொல்வது

எளிதான வழி இது. ஆனால் ‘ஓரிதழ்’ என்ற பெயரே நம்மை ஏமாற்றும். பூவில் இருப்பது ஐந்து இதழ். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை ஒன்று இருந்தால் போதும். நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பது போன்றது. பூவை மல்லாத்திப் பிடியுங்கள். மேலே இரண்டு இதழ்கள் பூவின் பச்சைப் புல்லிகளைத் தாண்டாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். பக்கத்து இரண்டும் கொஞ்சம் நீண்டு வளைந்திருக்கும். கீழ் இதழ் மட்டும் மண்வெட்டித் தகடு போல அகன்று, அடியில் ஒரு கழுத்தாகக் குறுகி உள்ளே போகும். அந்தக் கழுத்து முடியும் இடத்தில், பூவின் பின்பக்கம், ஒரு சின்னப் பை புடைத்திருக்கும். வயலட் பூவின் பின்னால் நீளும் வால் இங்கே பையாகக் குறுகியிருக்கிறது. நடுவில் ஐந்து மகரந்தப் பைகள் சூலகத்தைச் சுற்றிக் கூம்பாகக் கூடி நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆரஞ்சு நிறச் செதில் ஒன்று. ஊதா இதழ், பின்னால் பை, நடுவே ஆரஞ்சுக் கூம்பு: மூன்றும் சேர்ந்திருந்தால் டெல்டா வயலில் வேறு எந்தச் செடிக்கும் அந்த அடையாளம் பொருந்தாது.

இன்னொரு அடையாளத்தையும் சொல்ல வேண்டும், பலர் கவனிப்பதில்லை: பூக்காம்பு. இலைக்கக்கத்திலிருந்து ஒவ்வொரு பூவாக, இழை போன்ற மெல்லிய காம்பில் வரும். அந்தக் காம்பின் நடுவுக்கு மேலே ஒரு மூட்டும், மூட்டில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இரண்டு செதில்களும் இருக்கும். பூ உதிர்ந்த பிறகும், காய் வெடித்த பிறகும் காம்பு கொஞ்சநாள் நிற்கும். ஆகவே பூ போனாலும் இந்தச் சாட்சி போகாது.

பூவழியின் குறை, அதன் பருவமும் நேரமும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தை மாதம் வரை நன்றாகப் பூக்கும். ஈரம் இருந்தால் மற்ற மாதங்களிலும் ஒன்றிரண்டு பூ வரும். காலையில் போங்கள். வெயில் ஏறினால் அந்த மெல்லிய இதழ் சுருண்டு நிறம் மங்கிப்போகும். பிறகு பார்ப்பவருக்கு அது பூவா வாடிய இலையா என்றே தெரியாது.

பூவைப் பார்த்தும் தவறு செய்கிறவர்கள் வழக்கமாக மூன்று செடிகளில் தடுக்குவார்கள். விஷ்ணுகிரந்தி நிலத்தில் படரும். பட்டுப் போன்ற மயிர் இருக்கும். பூ நீலமாக, சக்கரம் போல எல்லாப் பக்கமும் சமமாக விரியும். கோடகசாலை வகைகளில் பூ ஈருதடு வைத்து, கீழுதடு சற்று அகன்று, தூரத்துப் பார்வைக்கு ஒத்துப்போகும்; ஆனால் அவற்றின் இலை கணுவுக்குக் கணு எதிரெதிராக இருக்கும், பூ கதிராகக் கூடும். ஓரிதழில் இலை மாறி மாறித்தான் வரும். மூன்றாவது பாலிகலா வகைச் செடி. சில ஊர்களில் மிளகுநங்கை என்பார்கள், சிறியாநங்கை என்பாரும் உண்டு, அதே சிறியாநங்கையை நிலவேம்புக்குச் சொல்வாரும் உண்டு. வயலில் காணும் வகையின் பூ மஞ்சள். இரண்டு பச்சைப் புல்லிகள் சிறகு போல விரிந்து பூவை மூடியிருக்கும்; கீழ் இதழின் நுனியில் குஞ்சம் தொங்கும். பூ இருந்தால் இதை ஓரிதழோடு யாரும் குழப்ப மாட்டார்கள். பூ இல்லாதபோது குழப்பாதவர்கள் குறைவு.

காயை வைத்துச் சொல்வது

எங்கள் கணக்கில் முடிவான அடையாளம் காய்தான். பூ ஒரு காலைப்பொழுது நிற்கும். காய் வாரக்கணக்கில் நிற்கும், காய்ந்த பிறகும் வடிவம் மாறாது.

காய் மிளகை விடச் சற்றுப் பெரிய உருண்டை. மூட்டுள்ள காம்பில் தலை குனிந்து தொங்கும். முற்றும்போது பச்சை போய் வைக்கோல் நிறம் வரும். பிறகு மூன்று பிளவாக வெடித்து நட்சத்திரம் போல விரியும். வெடித்த ஒவ்வொரு பிளவும் ஒரு குட்டித் தோணி. தோணியின் நடுத் தண்டில் விதைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். காயக் காயத் தோணியின் இரு பக்கமும் உள்நோக்கி நெருங்கி, ஈர விரலுக்கு நடுவே புளியங்கொட்டை வழுக்கித் தெறிப்பதைப் போல விதையைச் சுண்டி எறியும். விதை கேழ்வரகு அளவு, வெளிர் மஞ்சள், நீளவாட்டில் மெல்லிய வரிகள். மூன்று தோணியிலும் சேர்த்து எண்ணினால் ஒன்பதை ஒட்டி வரும். லின்னேயஸ் வைத்த பெயருக்குக் காரணம் அதுதான். எல்லாக் காயும் சரியாக ஒன்பதுக்குக் கட்டுப்படாது. ஒன்றிரண்டு கூடும், குறையும்.

இதைப் போலிகளோடு ஒப்பிடுங்கள். பாலிகலாவின் காய் தட்டை. உள்ளே இரண்டே விதை, அதுவும் மயிரோடு. விஷ்ணுகிரந்திக் காய் நான்காகப் பிளக்கும். கோடகசாலை வகைகளில் காய் இரண்டாகத்தான் பிளக்கும். கீழாநெல்லியின் காயும் மூன்று அறை கொண்டதுதான். ஆனால் அது இலைக்கொத்தின் அடியில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும், ஓரிதழ்க் காய் போல நீண்ட காம்பில் தனியே தொங்காது. ‘மூன்று தோணி, மூட்டுக் காம்பு’ என்ற இரண்டை மட்டும் மனதில் வைத்தால் தை மாதக் கடைசியிலும் தவறு வராது.

காய்வழியில் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பச்சைக் காயைப் பிய்த்துத் திறந்தால் மூன்று பிளவு தெளிவாகத் தெரியாது. செடியைச் சுற்றி அடி மண்ணைப் பாருங்கள், அல்லது அதே செடியின் கீழ்க்கிளையில் தேடுங்கள். முன்பே வெடித்த தோணி ஒன்றாவது நிற்கும்.

இலையும் வேரும்

பூவும் காயும் இல்லாமல் இலையை மட்டும் வைத்துச் சொல்வதை நாங்கள் அடையாளம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டோம். ஐயத்தைக் குறைக்க மட்டும் அது உதவும். ஓரிதழ் இலை மண்ணுக்கேற்ப அவ்வளவு மாறும். பேராவூரணிப் பக்கத்து மணல் தோப்பில் ஊசி போல ஒல்லியாக, விளிம்பு மழுக்கமாக இருப்பது, வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் நிழலில் வளரும்போது அகன்று, ஓரம் ரம்பப் பல்லோடு வரும். இரண்டும் ஒரே செடி.

பயன்படும் சின்ன அடையாளம் ஒன்று உண்டு. இலை தண்டைத் தொடும் இடத்தில் இருபுறமும் ஊசிமுனை போன்ற இலையடிச் செதில் ஓரிதழுக்கு இருக்கும். பாலிகலாவுக்கு அது கிடையாது. வில்லை வைத்துப் பார்த்தால் இந்த ஒன்றே அவ்விரண்டையும் பிரித்துவிடும். ஒற்றை இலை அவுரி வகை ஒன்று மணற்பாங்கில் வரும். அதற்கும் செதில் உண்டு. ஆனால் அதன் இலை முழுக்க வெள்ளி மினுக்கு மயிர், காய் வெண்மையான சிறு உருண்டை, உள்ளே ஒற்றை விதை.

வேரைப் பார்த்துச் சொல்வதாகப் பிடுங்காதீர்கள். அடித்தண்டு கட்டைபோல் தடித்துப் பல ஆண்டு வாழ்கிற செடி இது. கோடையில் மேலே காய்ந்தாலும் அடுத்த மழைக்கு அந்தக் கட்டையிலிருந்துதான் துளிர்க்கும். வேரில் தெரிவது எதுவும் அடையாளத்துக்குக் கூடுதலாக உதவாது. செடி மட்டும் போய்விடும்.

போன் செயலி

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் மூன்றுமே பூவின் முகப்படம் தெளிவாக இருந்தால் சரியான திசையில் கொண்டு போகும். இலைப்படம் மட்டும் கொடுத்தால் எதையாவது சொல்லும், உறுதியாகவும் சொல்லும், ஆபத்து அங்கேதான். பூ சிறியது என்பதால் கேமரா பின்னால் உள்ள புல்லைக் கூர்மையாக்கிவிட்டுப் பூவை மங்கவைக்கும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் அது தீரும். நான்கு படம் எடுங்கள்: பூ முன்பக்கம், பின்பையும் காம்பு மூட்டும் தெரியப் பக்கவாட்டில், இலையடிச் செதில், வெடித்த காய். ஐநேச்சுரலிஸ்ட்டில் போட்டால் மற்றவர்களும் பார்த்துச் சரி சொல்வார்கள், திருத்துவார்கள். மூன்றில் அந்த வசதிக்காகவே அதை முதலாவதாக வைப்போம். ஒரு செயலி ஹைபாந்தஸ் என்றும் இன்னொன்று ஆஃப்ரோஹைபாந்தஸ் என்றும் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று பொருள்.

அழுத்திய மாதிரி

ஊர்த் தாவரப் பட்டியல் எழுதுகிறவர், கல்லூரித் திட்டம் செய்கிறவர், மருந்துக்கு மொத்தமாகச் சேகரிக்கிறவர்: இவர்களுக்குப் படம் போதாது. பூவும் காயும் உள்ள ஒரு சாண் கிளையைக் கத்தரியால் வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் விரித்து, மேலே பலகையும் கல்லும் வைக்க வேண்டும். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள். கார்த்திகை ஈரத்தில் காலையும் மாலையும் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்து இலை கறுத்துவிடும்; டெல்டாவில் மாதிரிகள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். உலரும்போது பெரிய இதழ் உதிரும், ஊதாவும் வெளுக்கும். ஆகவே நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். உதிர்ந்த இதழையும் விதையையும் ஒரு சிறு காகித உறையில் போட்டுக் கூடவே வையுங்கள். நாள், ஊர், மண்வகை, உயரம் நான்கும் இல்லாத மாதிரிக்கு மதிப்பில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரச் சேகரம் நமக்கு அருகில் இருக்கிறது.

கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் கிளை வெட்டவும் அனுமதி வேண்டும். அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைச் சருகும் பொடியும்

நாட்டு மருந்துக் கடையில் சமூலமாக, அதாவது வேர் முதல் காய் வரை முழுச்செடியாக, உலர்த்தி விற்பதும் உண்டு, பொடியாக விற்பதும் உண்டு. வாங்குவதானால் சமூலம். ஒரு கைப்பிடியை வெள்ளைத்தாளில் கொட்டிக் கிளறினால் மூன்று பிளவுத் தோணிகளும், மூட்டுள்ள இழைக்காம்பும், வரியோடிய வெளிர் விதையும் கிடைக்க வேண்டும். பெரிய இதழைத் தேடாதீர்கள், அது நொறுங்கிப்போயிருக்கும். எதிரெதிர் இலைக்கணுவோ தட்டைக் காயோ தென்பட்டால் கலப்பு. பொடியில் இவை எதையும் கண்ணால் பார்க்க முடியாது. பச்சைப் பொடி எல்லாம் பச்சைப் பொடிதான். ஆகவே தெரிந்த சித்த மருத்துவரிடமிருந்து வராத பொடியை வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதையும் நின்று படியுங்கள். ‘ஓரிலைத் தாமரை’ என்று இருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மலையாள வழக்கில் அந்தப் பெயர் இந்தச் செடிக்கும் உண்டு, நிலத்தை ஒட்டி ஒற்றை இலை விடும் நெர்விலியா என்ற ஆர்க்கிட்டுக்கும் உண்டு. ஒரு சொல் மாறினால் குடும்பமே மாறிவிடுகிறது.

மலை உறவுகளோடு குழப்பம்

நீலகிரி, பழனி மலைகளுக்குப் போய் வந்தவர்கள் அங்கே பார்த்த வயலட்டை இங்கே தேடுவதுண்டு. உண்மையான வயோலாக்கள் குளிர்ந்த மலையின் செடிகள். டெல்டாவின் வெக்கையில் தானாக வளராது. இதய வடிவ இலையுள்ள வயோலா பிலோசா, ஈட்டி இலையுள்ள வயோலா பெட்டோனிசிஃபோலியா இரண்டிலும் இலையும் பூக்காம்பும் நிலத்தை ஒட்டியே கிளம்பும். ஐந்து இதழும் ஏறக்குறைய நிகராக இருக்கும். பின்னால் தெளிவான வால் நிற்கும். புல்லியின் அடியில் காது போன்ற நீட்சி வயோலாவுக்கு உண்டு, ஓரிதழுக்கு இல்லை. காய் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே போல மூன்று தோணியாக வெடிக்கும். ஒரே குடும்பம் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஓரிதழின் நெருங்கிய அரிய உறவு ஹைபாந்தஸ் திருவாங்கூரிகஸ். தென் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு மட்டுமே உரியது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அது கிடைத்ததாகச் சொன்னால், அகன்ற இலை வந்த நிழல் ஓரிதழாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள். நர்சரியில் மார்கழிக்கு வரும் பான்சி தோட்ட வயோலாதான், பங்குனிக்குள் வெந்துபோகும். ஆப்பிரிக்கன் வயலட் என்று தொட்டியில் விற்பது வயலட் குடும்பமே இல்லை.

பிடுங்குவதா, வாங்குவதா, வளர்ப்பதா

அடையாளம் உறுதியான பிறகு வரும் முடிவு இது. ஓரிதழ் உலக அளவில் அரிய செடி அல்ல. ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியது. ஆனால் அது களிமண் வயலுக்குள் வாழாது. டெல்டாவில் அதற்கு மிஞ்சுவது மணல் தோப்பு, படுகை ஓரம், செம்மண் திடல், உயரமான வரப்பு. அங்கெல்லாம் களைக்கொல்லி அடிக்கிறோம், வரப்பை வேரோடு செதுக்குகிறோம். மிஞ்சியதைச் சமூலத்துக்காகக் காய் முற்றும் முன்பே வேரோடு பிடுங்குகிறார்கள். விதையும் விழவில்லை, கட்டையும் இல்லை என்றால் அடுத்த மழைக்கு அந்த வரப்பில் எதுவும் முளைக்காது.

கொஞ்சமாகத் தேவைப்படுகிறவருக்கு வளர்ப்பதே நல்லது. வைக்கோல் நிறத்துக்கு மாறிய காயை வெடிக்கும் முன் பறித்து, டம்ளரில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி வெயிலில் வையுங்கள். விதை டம்ளர் சுவரில் பட்டுத் தெறிக்கும். துணி கட்டாமல் வைத்தால் மாலையில் தோணிகள் மட்டும்தான் இருக்கும். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் விதையைத் தூவி, மேலே ஒரு விதை கனத்துக்கு மணல் போடுங்கள். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. முளைப்பு சீராக இருக்காது. ஒன்று வந்து பல நாள் கழித்து இன்னொன்று வரும். அதனால் முதல் நாற்று வந்தவுடன் தொட்டியைக் கிளறிவிடாதீர்கள். நாற்று சாகிறதென்றால் காரணம் பெரும்பாலும் தேங்கிய தண்ணீர். வயல் வண்டலை அப்படியே தொட்டியில் போட்டவர்களுக்கு அதுதான் நடக்கும்.

வயலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், கீழ்க்கிளைகளில் தோணி வெடித்த செடியாகத் தேர்ந்து, தரைக்கு நான்கு விரல் மேலே கத்தரியுங்கள். கையில் வரும் முற்றாத காய்களை உதிர்க்காமல், முற்றிய காய்களை மட்டும் கிள்ளி அந்த வரப்பிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.